அடிபம்புக்குப் பக்கத்துச் சுவர்

"சாயங்காலம் வந்து கேட்டுக்கிடுதேன், அவசரம் இல்ல டெல்பி" என்று சொல்லிவிட்டுக் கிளீட்டஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், என்னவோ ராத்திரிக்கு இட்லியா தோசையா என்று கேட்டவனைப் போல. கேட்டது இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. வீட்டுப் பக்கவாட்டுச் சுவரில், சந்துப் பக்கமாக, முனிசிபாலிட்டி அடிபம்புக்குக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு ஆணுறைப் பெட்டி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் ஒரு பேச்சுக் கிடையாது என்றும் சொல்லியிருக்கிறான், அதுதான் டெல்பினுக்கு ஆத்திரமாக வந்தது, கட்டாயப்படுத்தினால் சண்டை போடலாம், கெஞ்சினால் பிகு பண்ணலாம், இப்படி முழு உரிமையையும் தூக்கி மடியில் போட்டுவிட்டுப் போகிறவனை என்ன செய்வது. பெட்டி பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது, சாம்பல் நிறத் தகரம், தபால் பெட்டிக்குத் தம்பி மாதிரி, கீழே கைவிட ஒரு வாய். அவன் போனதும் முதல் வேலையாக அதன் மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டாள், பிறகு துண்டு போட்டதே ஒரு மாதிரியாக இருந்தது, வீட்டில் சாவு விழுந்தால் கண்ணாடியை மூடுவதுபோல, எடுத்துவிட்டாள், பிறகு மறுபடியும் போட்டாள். தொட்டில் சேலைக்குள் மெர்வின் தூங்கிக்கொண்டிருந்தான், ஒரு கால் மட்டும் வெளியே தொங்கியது. ஜன்னல் வழியே கடல் வாடையும் எதிர் மாடியில் எமில்டாக்கா காயப்போட்டிருந்த சாளைக் கருவாட்டு வாடையும் சேர்ந்து வந்தன, இந்த இரண்டும் கலந்தால்தான் அவளுக்கு இது மத்தியானம், மத்தியானம் என்றால் தன் வீடு, கதவைச் சாத்தினால் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாத தன் வீடு. அந்தச் சுவரில் போய் ஓட்டை போடக் கேட்கிறான்.

பெட்டி அவளுக்குப் புதிதில்லை. கிளீட்டஸுக்கு வேலையே அதுதான், ஆண்களோடு பழகுகிற ஆண்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற ஆணுறையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொண்டு நிறுவனத்தில் களப்பணி. கல்யாணமாகி வந்த புதிதில் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்து அவளுக்குக் கட்டிலில் படுக்கவே கூச்சமாக இருந்தது, யாரோ கீழே ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பதுபோல. இப்போது மெர்வின் உருண்டு விழுந்துவிடாமல் இருக்க அதே அட்டைப்பெட்டிகளைத்தான் கட்டில் ஓரத்தில் மதில் மாதிரி அடுக்குகிறாள், ஒன்றின் மேல் பவுடர் டப்பா, ஒன்றின் மேல் பால்புட்டி. பழகிப்போகிறது, எல்லாம் பழகிப்போகிறது, வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும். வெளியே என்பது வேறு. இதுவரை பெட்டி கடற்கரை ரோட்டில் ஒரு சைக்கிள் கடைச் சுவரில் இருந்தது, ரோட்டை அகலப்படுத்தக் கடையை இடித்துவிட்டார்கள், அதிலிருந்து இடம் தேடி அலைகிறான். அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அந்த வித்தை அத்துப்படி. கட்டணக் கழிப்பறைச் சுவரில் வைத்தால் நாற்றத்திலும் இருட்டிலும் எவனும் நிற்க மாட்டான், விளக்குக் கம்பத்தில் வைத்தால் எல்லாருக்கும் தெரியும், டீக்கடையில் வைத்தால் பெஞ்சில் இருக்கிற கிழங்கள் ஆளைப் பார்த்து ஊரைச் சொல்லும். "பெட்டி இருக்க இடத்துல ஒருத்தன் நிக்கதுக்கு ஒரு சாக்கு வேணும் டெல்பி. சாக்கு இல்லன்னா அவன் நடந்துக்கிட்டே பாத்துட்டு நடந்துக்கிட்டே போயிருவான்." சைக்கிள் கடையில் காற்றடிக்கிறது சாக்கு. இங்கே அடிபம்பு. பழைய உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் சாயங்காலம் கூடுகிற ஆண்கள் எல்லாரும் இந்தச் சந்து வழியாகத்தான் கடற்கரைக்குப் போகவேண்டும், போகும்போது முகம் கழுவலாம், வரும்போது கால் மணலைக் கழுவலாம், ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஊர் முழுக்கத் தேடி கடைசியில் தன் வீட்டுச் சுவரைப் போல வாகான சுவர் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சம் அவளுக்குப் பிடிக்கும். முதல் நாளே பிடித்த கூச்சம்.

முதல் நாள் என்றால் பெண்பார்த்த நாள் இல்லை, அன்றைக்கு அவன் தலையே நிமிரவில்லை. மாதா கோவிலில் கல்யாணத் தயாரிப்பு வகுப்பு நடந்ததே, அந்த நாள். சாமியார் அன்பைப் பற்றிப் பேசினார், ஒரு டாக்டர் புருஷனும் பெண்டாட்டியும் வந்து படம் போட்டு என்னென்னவோ விளக்கினார்கள், டெல்பின் குனிந்து நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்தாள். அவள் படித்த கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் அறிவியல் புத்தகத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிடுவார், வகுப்பில் அத்தனை பேர் புத்தகத்தையும் மேஜைக்கு வாங்கி, டக் டக் டக்கென்று, பக்கத்துக்குப் பக்கம். பின்னைப் பிரித்துப் பார்த்தவள் எப்சிபா ஒருத்திதான், பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லட்டி, எல்லாம் தவளை மாதிரி இருக்கு" என்றாள், அதோடு டெல்பினின் ஆராய்ச்சி முடிந்தது. வகுப்பு இடைவேளையில் டீயும் மக்ரூனும் கொடுத்தார்கள். கிளீட்டஸ் அவளைக் கோவில் மதில் பக்கம் கூப்பிட்டான், உனக்குச் சொல்லாமல் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை என்றான், எனக்குப் பெண்களையும் பிடிக்கும் ஆண்களையும் பிடிக்கும் என்றான், கொச்சியில் வேலை பார்த்தபோது ஒருவரோடு சில வருஷம் இருந்தேன், இப்போது இல்லை, உன்னைக் கட்டினால் உன்னோடு மட்டும்தான், யோசித்துச் சொல்லு என்றான். அவள் வாயில் மக்ரூன். கரையவும் மாட்டேன் என்கிறது, துப்பவும் முடியவில்லை. என்ன கேட்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்தப் பக்கத்தைத்தான் பின் அடித்துவிட்டார்களே. "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். "கொச்சியிலதான்." "நல்லா இருக்காங்களா?" அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், கண் நிறைந்துவிட்டது. அப்புறம் பல தடவை சொல்லியிருக்கிறான், அந்தக் கேள்வியிலேயே நான் உனக்கு விழுந்துட்டேன் என்று. அது பெரிய மனசால் கேட்ட கேள்வி இல்லை, வேறு ஒன்றும் தோன்றாததால் கேட்டது என்று அவளும் பல தடவை சொல்லிப் பார்த்தாள், நம்ப மாட்டேன் என்கிறான். பிறகு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது, கல்யாணம் நடந்தது, மெர்வின் வந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவன் அவன்தான், பொரிகடலை மாவு தேய்த்து, மூக்கைப் பிடித்து ஊதி, பாட்டுப்பாடி. நன்றாகத்தான் இருக்கிறாள். இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருக்கும் சில நாள், நான் நன்றாக இருக்கிறேன் என்று, ஆனால் அதற்கு முதலில் எதையெதையெல்லாம் சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

அதனால்தான் பயம். நன்றாக இல்லாதவளுக்கு என்ன பயம், இழப்பதற்கு என்ன இருக்கிறது. வியாழக்கிழமை அன்பியச் செபக்கூட்டம் அவள் வீட்டில், தெருவே வந்து பாய் விரித்து உட்கார்ந்து செபமாலை சொல்லப்போகிறது, எமில்டாக்காதான் பாட்டு எடுத்துக் கொடுப்பாள், உள்ளே அருள்நிறை மரியே ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே சுவரில் டக்கென்று தகரச் சத்தம் கேட்டால். கேட்டால் என்ன, தகரம்தானே. இல்லை, முதலில் பிள்ளைகள். சந்துப் பிள்ளைகள் எடுத்து ஊதுவார்கள், ஊதி நூல் கட்டி எமில்டாக்கா வாசலிலேயே பறக்கவிடுவார்கள், போன வருஷம் சைக்கிள் கடையில் அப்படித்தான் நடந்தது, கிளீட்டஸ் அதைச் சொல்லிச் சிரித்தான், அவளும் சிரித்தாள், அப்போது அது அடுத்தவன் சுவர். பிறகு பேச்சு. அந்த வீட்டில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தி கேட்பாள், அவனுக்கு அந்த வேலை என்று ஒருத்தி சொல்வாள், வேலை மட்டும்தானா என்று மூன்றாவது ஒருத்தி இழுப்பாள், அந்த இழுப்பு இருக்கிறதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது, அது சந்து முனையைத் தாண்டுவதற்குள் பள்ளிக்கூடம்வரைக்கும் போய்விடும், மெர்வினை ஸ்கூலில் சேர்க்கப் போகும்போது சிஸ்டர் தலையைத் தூக்கி, ஓ அந்தப் பெட்டி வீடா என்பார். இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்காத பிள்ளைக்கு அவள் அட்மிஷன்வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அவன் சரி என்பான், முகம்கூட மாறாது, வேறு சுவர் தேடுவான். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தொட்டிலுக்குள் கால் அசைந்தது. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, மரியாதையான சொல்.

அப்போதுதான் பம்பு கிரீச்சிட்டது. இந்த நேரத்தில் யாரும் தண்ணீர் அடிக்க வரமாட்டார்கள். ஜன்னல் திரையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். சட்டையை இன் பண்ணிய ஒரு ஆள், நாற்பதுக்குக் கீழே இருக்கும், முகம் கழுவினான், மறுபடியும் கழுவினான், கையைக் கழுவினான், கழுத்தைக் கழுவினான், இனிமேல் கழுவ ஒன்றும் இல்லாமல் சும்மா பம்பை அடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். மேலிருந்து கீழாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும். அப்படி அந்தச் சுவரை யாரும் பார்த்ததில்லை, கொத்தனார்கூட. அவனுடைய வண்டி சந்தில் நின்றது, கைப்பிடியில் ஒரு ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டில், ஏதோ சின்னப் பிள்ளையுடையது, மறந்துவிட்டு இறங்கியிருக்கும், பக்கத்தில் கேரிபேக்கில் வாழையிலை சுற்றிய மல்லிகைப்பூ, இலை ஓரத்தில் ஈரம். டெல்பினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்தபோது காது சூடானது. சொல்லியிருக்கிறான். கிளீட்டஸ் இவர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான், அடிபம்புப் பக்கம் என்று, அவளிடம் கேட்பதற்கு முன்னாலேயே. அவசரம் இல்லையாம். வேண்டாம் என்றால் வேண்டாமாம். வரட்டும், சாயங்காலம் வரட்டும். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்துவிட்டான், திரையை விட்டாள், விட்டது அசைந்து இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

"அக்கா" என்றான் வெளியிலிருந்து, அவளைவிட எத்தனையோ வயது மூத்தவன். "கிளீட்டஸ் அண்ணன் இருக்காவளா?"

"இல்லையே. வேலைக்குப் போயிருக்காவ."

"சரிக்கா."

"ஏதும் சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா... இந்தப் பக்கமா வந்தேன்."

ஆனால் போகவில்லை. பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றான், தண்ணீர் அடிக்கவும் இல்லை. போய்விட்டால் நல்லது என்று நினைத்தாள். போய்விட்டால் எங்கே போவான் என்றும் நினைத்தாள். உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால்தான் போவான், இவ்வளவு தூரம் வந்தவன் பெட்டி இல்லை என்பதற்காகத் திரும்பிவிட மாட்டான், பசியாக வந்தவன் கை கழுவத் தண்ணீர் இல்லை என்று சாப்பிடாமலா போவான். போய்விட்டு வீட்டுக்குப் போவான். பூவைக் கொடுப்பான். அந்தப் பூவை வாங்கி வைத்துக்கொள்கிறவள் ஒருத்தி இப்போது எங்கேயோ துணி மடித்துக்கொண்டிருப்பாள், பிள்ளை தண்ணீர் பாட்டிலை எங்கே விட்டது என்று திட்டிக்கொண்டிருப்பாள், அவளிடம் யாரும் மதிலோரமாகக் கூப்பிட்டு எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். டெல்பின் கட்டில் பக்கம் குனிந்தபோது தான் குனிகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள், அட்டையைக் கிழித்தாள், கைக்கு வந்ததை அள்ளினாள், எவ்வளவு என்று பார்க்கவில்லை, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள், முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும்போதுகூட இப்படி முகத்தை மறைத்ததில்லை. கையிலிருந்த கனம் போனது. "வாரேங்க்கா" என்று குரல் வந்தது, வண்டி கிளம்பும் சத்தம் வந்தது, அப்புறமும் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள்.

உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது, எப்சிபா இருந்திருந்தால் இரண்டு பேரும் தரையில் உருண்டிருப்பார்கள். சிரிப்பு ஓய்ந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. கொச்சியில் கிளீட்டஸ் இருந்த நாட்களில் அவனும் எங்கேயோ இப்படி நின்றிருப்பான். ஒரு தடவை சொல்லியிருக்கிறான், படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மதிலில் பெட்டி இருக்கும், கீழே செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருப்பார், செருப்பைக் கொடுத்துவிட்டு நிற்பேன், நல்ல செருப்பைக்கூடக் கொடுத்திருக்கிறேன் என்று. அவள் அப்போது செருப்புக்காகச் சிரித்தாள், மதிலை யோசிக்கவில்லை. அந்த மதில் ஒரு வீட்டு மதில். அந்த வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கும் ஒரு எமில்டாக்கா எதிர்வீட்டில் இருந்திருப்பாள், அவளும் ஒரு மத்தியானம் முழுக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருப்பாள், சொல்லியும் இருக்கலாம், சொல்லவில்லை. அவள் சொல்லாததால்தான் நம்பிக்கை மையத்தில் ரிசல்ட் படித்த பெண் தலை நிமிர்ந்து ஒன்றும் இல்லை என்றாள். மெர்வினின் அந்தத் தொங்குகிற கால், அதில் ஓடுகிற ரத்தம், எல்லாம் பேர் தெரியாத ஒரு மலையாளத்துப் பெண் தன் மதிலைக் கொடுத்ததில் வந்தது. டெல்பின் எழுந்து போய் அந்தக் காலைப் பிடித்துத் தொட்டிலுக்குள் விட்டாள். கால் உடனே வெளியே வந்தது. பயம் போகவில்லை. போகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை, அடுப்பில் உலை மாதிரி அது ஒரு பக்கம் கொதித்துக்கொண்டே இருந்தது, அவள் மறுபக்கம் சுகமாகத்தான் உட்கார்ந்திருந்தாள், கருவாட்டு வாடையை இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, எமில்டாக்கா கேட்டால் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு. கரண்ட் பெட்டி என்று சொல்லலாம். தபால் பெட்டி என்று சொல்லலாம். அன்பியத்துக்கு உண்டியல் என்று சொல்லலாம், ஐயோ வேண்டாம், எமில்டாக்கா உண்மையிலேயே கையை விட்டுப் பார்ப்பாள்.

வெயில் சுவரை விட்டு இறங்குகிற நேரத்துக்குக் கிளீட்டஸ் வந்தான். கையில் சுத்தியலும் இல்லை ஆணியும் இல்லை, ஒரு பாக்கெட் ரஸ்க் மட்டும்.

"என்கிட்ட கேக்கதுக்கு முன்னாலயே ஊரெல்லாம் சொல்லிட்டியளா?"

அவன் ரஸ்க்கைப் பிடித்தபடியே நின்றான். "யாரும் வந்தாவளா?"

"வந்தாவ. கழுத்தெல்லாம் தேச்சுக் கழுவிட்டுப் போனாவ."

"ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் டெல்பி. இருக்கலாம்னுதான் சொன்னேன். அவரு இருக்குன்னு எடுத்துக்கிட்டாரு போல." பிறகு, "தப்புத்தான்" என்றான். "வெறுங்கையோடயா போனாரு?"

"இல்ல." அவன் கட்டிலோரம் கிழிந்த அட்டையைப் பார்த்தான், தரையில் நின்ற பவுடர் டப்பாவைப் பார்த்தான், மறுபடியும் அந்தப் பார்வை, மக்ரூன் நாள் பார்வை. "இப்படிப் பாக்காதியும்" என்றாள். "சுத்தியல் அடுக்களைப் பரணுல கெடக்கு. ஆனா ஒண்ணு, பெட்டி என்னைக்கும் காலியா இருக்கக் கூடாது. இனிமே என்னால ஜன்னல்ல கைய நீட்டிக்கிட்டு நிக்க முடியாது."

மெர்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பெட்டியைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். கிளீட்டஸ் முதல் ஆணியை அடிக்கத் தொடங்கியதுமே எதிர் மாடியில் நிழல் ஆடியது. கருவாட்டுத் தட்டோடு எமில்டாக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏளா டெல்பினு, அது என்ன பெட்டி?"

கரண்ட் பெட்டி. தபால் பெட்டி. மத்தியானம் முழுக்கச் சேர்த்துவைத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றன. சுத்தியல் நின்றுவிட்டது. கிளீட்டஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான், என்ன சொன்னாலும் சரி என்பதுபோல.

"ஆணுறைப் பெட்டிக்கா" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, சந்து முழுக்கக் கேட்டிருக்கும். "கடக்கரைக்குப் போற ஆம்பளையாளுவளுக்கு. அவங்களுக்குள்ள பழகுறவங்களுக்கு. கவர்மெண்டு குடுக்கது, யாரும் சும்மா எடுத்துக்கிடலாம்."

எமில்டாக்கா பெட்டியைப் பார்த்தாள். கிளீட்டஸைப் பார்த்தாள், அவனைப் பார்த்தது கொஞ்சம் அதிக நேரம். பிறகு டெல்பினை, அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை. ஒரு ஈயை விரட்டினாள்.

"அந்தச் செங்கல்லு பூரா உப்பரிச்சுக் கெடக்கு" என்றாள் கடைசியில். "அதுல ஆணி நிக்காது, ரெண்டு நாள்ல பெட்டியோட கீழ வந்துரும். பம்புக்கு அந்தப் பக்கம், போன மழைக்குப் பூசுனிய பாரு, அங்கன அடிக்கச் சொல்லு உன் மாப்பிள்ளைய."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வியாழக்கிழமை வருவீங்களாக்கா என்று கூப்பிட்டுக் கேட்கலாமா என்றிருந்தது டெல்பினுக்கு, கேட்கவில்லை, வியாழக்கிழமை தெரிந்துவிடும். கிளீட்டஸ் ஆணியை அசைத்துப் பார்த்தான். ஆணி கையோடு வந்தது, பின்னாலேயே ஒரு கைப்பிடி செங்கல் தூளும்.

"சரியாத்தான் சொல்லுதாவ" என்றான்.

பம்பைத் தாண்டிப் போய், பூச்சு கெட்டியாக இருந்த இடத்தில் பெட்டியை வைத்துப் பிடித்தாள் டெல்பின். மெர்வின் இடுப்பிலிருந்து எம்பி அதன் வாய்க்குள் கையை விட்டான், விட்ட கையைத் திரும்ப எடுக்க மனசில்லாமல் உள்ளே தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தான்.

"இங்கயா?" என்றான் கிளீட்டஸ், ஆணியை வைத்து.

"இன்னும் மேல" என்றாள் அவள். "இவனுக்கு எட்டக் கூடாது."